கொலுசு ஏன் கறுக்கிறது?

கொலுசு ஏன் கறுக்கிறது என்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கேட்டுப் பாருங்கள். "உடம்பு சூடுங்க" என்ற பதில் தயாராக இருக்கும். வெள்ளியை உருக்கி, கம்பி இழுத்து, வெங்காரம் வைத்துப் பற்றவைத்துப் பிழைக்கிற தெருக்களிலும் இதைக் கேட்கலாம். பதில் முழுப் பொய்யும் இல்லை. வியர்வை ஆளுக்கு ஆள் மாறும். சிலர் காலில் கொலுசு சீக்கிரமே கறுத்துவிடும். ஆனால் கறுப்புக்கு மூலம் கந்தகம். காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு கூடி வெள்ளி சல்ஃபைடு ஆகின்றன. அதுதான் அந்தக் கறுப்புப் படலம். அவித்து ஆறவைத்த முட்டையின் மஞ்சள் கருவோடு ஒரு கொலுசையும், வெறும் டப்பாவில் அதன் ஜோடியையும் மூடி வையுங்கள். மறுநாள் பார்த்தால் முட்டையோடு இருந்தது மட்டும் கறுத்திருக்கும். அந்த டப்பாவில் உடம்பும் இல்லை, சூடும் இல்லை.

அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் தமிழ்நாட்டு முயற்சிகளை எடைபோட எனக்கு இந்தக் கொலுசு போதும். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்புகிறவர், தன் வீட்டுச் சங்கதி ஒன்றை இப்படித் தானே சோதித்துப் பார்ப்பாரா? கூடிய கூட்டமும் கிடைத்த கைதட்டலும் அதற்குப் பிறகுதான்.

சேலத்துக்கு இந்த விஷயத்தில் பழைய பாத்தியதை உண்டு. இங்கே வக்கீலாக இருந்த ராஜாஜி, தாவரவியல், வேதியியல், வானியல் போன்ற துறைகளுக்குத் தமிழ்ச் சொல் ஆக்க 1916-இல் ஒரு சங்கம் தொடங்கினார். அதைவிடப் பெரிய காரியமாக எனக்குப் படுவது பிற்பாடு அவர் எழுதிய ‘திண்ணை ரசாயனம்’. கலைச்சொல் ஆக்குவது படித்தவர்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஏற்பாடு. திண்ணையில் பேசுவதென்றால் எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தாக வேண்டும். ஆனால் அங்கேயும் சொல்கிறவர் சொல்ல, மற்றவர் கேட்டுக்கொள்வதுதான் நடக்கும்.

அந்த ஒருவழிப் பேச்சை உடைத்தது 1980-இல் பிறந்த தமிழ்நாடு அறிவியல் இயக்கம். 1987-இல் வெளிவரத் தொடங்கிய சிறுவர் அறிவியல் இதழ் ‘துளிர்’, அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்து வீதி நாடகங்கள் எல்லாம் அதன் கணக்கில் சேரும். கிரகணத்தன்று பித்தளைத் தட்டில் உலக்கையை நிறுத்தி, "பார், தானாக நிற்கிறது" என்று தெருவே அதிசயித்தபோது, அறிவியல் இயக்கத்தார் கிரகணம் இல்லாத நாளில் அதே உலக்கையை நிறுத்திக் காட்டினார்கள். மக்களுக்கான அறிவியலில் இதைவிடச் சிக்கனமான, நேர்மையான பாடம் கிடையாது. அடிப்பாகம் தட்டையாக இருந்தால் உலக்கை என்றைக்கும் நிற்கும். சந்தேகப்படுகிறவர் வீட்டிலேயே ஓர் உலக்கை இருக்கிறது, இன்றே நிறுத்திப் பார்க்கலாம்.

அதே தர்க்கத்தைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டுபோவது, 1993 முதல் நாடு முழுவதும் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. பத்து முதல் பதினேழு வயதுள்ள பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து தங்கள் ஊர்ப் பிரச்சினை ஒன்றை எடுத்து, அளந்து, கணக்கிட்டுத் தங்கள் மொழியிலேயே வாசிக்கலாம். அயர்லாந்தில் 1965 முதல் நடக்கும் இளம் விஞ்ஞானிகள் கண்காட்சியும் கேள்வியை மாணவரிடமே விடுகிற முறைதான். நம் மாநாட்டின் குறை, பரிசு ஆசை. சில இடங்களில் வழிகாட்டி ஆசிரியரே கட்டுரையை எழுதிக் கொடுத்துவிடுகிறார். பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறது. நடுவர் குறுக்குக் கேள்வி ஒன்று போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இப்போது எல்லோரும் பேசுவது தமிழக அரசின் வானவில் மன்றம். 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிவைக்கப்பட்டது. 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வகுப்புப் பிள்ளைகளுக்கானது. தன்னார்வலர் டூவீலரில் சோதனைப் பொருட்களோடு வருகிறார். சோதனைக் குழாய் உடைந்தால் யார் பதில் சொல்வது என்று பீரோவைத் திறக்கவே தயங்கும் பள்ளிகளை நினைத்தால், இது சாதாரண விஷயமில்லை. பரப்பில் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது.

ஆனால் வருகிறவருக்கு முடிவு முன்பே தெரியும். சோதனை தப்பாமல் வரும், பிள்ளைகள் "ஓ" என்பார்கள், வண்டி அடுத்த பள்ளிக்குப் போய்விடும். தோற்க வழியே இல்லாத சோதனைக்கும் வித்தைக்கும் அதிக தூரமில்லை. சுவாரசியம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாமல் எட்டாம் வகுப்பை உட்காரவைக்க முடியாது. "ஏன் அப்படி ஆனது, பொருளை மாற்றினால் என்ன ஆகும்" என்று கேட்க நேரம் இல்லாமல் போவதுதான் என் புகார்.

இதைவிடப் பெரிய குறை, பெரியவர்களை மறந்தது. சேலம், நாமக்கல் மரவள்ளிக் கிழங்கை அரைத்துத்தான் ஜவ்வரிசி வருகிறது. பளிச்சென்று வெள்ளையாக இருந்தால்தான் நல்ல சரக்கு என்று கடையில் கேட்கிறோம். அந்த ஆசைக்காகச் சில ஆலைகள் வெளுப்பான் சேர்க்க, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்குப் போகிறார்கள். வெளுப்பான் படாத ஜவ்வரிசி கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும் என்பது வாங்குகிறவருக்குத் தெரிந்தால் பாதி வழக்கு குறையும். பச்சைக் கிழங்கில் சயனைடு தரும் சேர்மம் உண்டு. அரைத்துக் கழுவும்போது அதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? ரெய்டு நடந்தால் செய்தியாகிறது. இந்தக் கேள்வி அறிவியல் மேடைக்கு அபூர்வமாகத்தான் வருகிறது. வெள்ளிப் பட்டறையில் காட்மியம் கலந்த பொடியை ஊதிப் பற்றவைத்தால் நுரையீரலும் சிறுநீரகமும் என்னவாகும் என்பதும் அப்படித்தான்.

ஆகவே என் தீர்ப்பு இது. குழந்தைகள் மாநாட்டின் முறை சரி, அளவு போதாது. வானவில் மன்றத்தின் அளவு சரி, முறை பாதி. பெரியவர்களுக்கு உலக்கையைத் தாண்டி நாம் அதிகம் எதுவும் செய்யவில்லை. முறையைச் சரிசெய்யப் புதுக் கருவி எதுவும் வேண்டாம். அடுத்த முறை வருகிறவர் பெட்டியைத் திறக்குமுன், போன தடவை காட்டியதை வீட்டில் செய்து பார்த்தது யார், யாருக்கு அது வரவில்லை என்று கேட்கட்டும். வராதவர்களை வைத்தே அன்றைய வகுப்பை நடத்தலாம். அதற்கு இன்னொரு பீரியட் வேண்டும். தேர்வை நோக்கி ஓடும் கால அட்டவணையில் அந்தப் பீரியடைப் பிடுங்கித் தருவது கல்வித்துறையின் வேலை.