தூசி பறக்கும் ஊருக்கு எந்த வைப்பர்?

பழைய காருக்கு வைப்பர் பிளேடு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, ‘எது ரொம்ப நாள் உழைக்கும்?’ என்றுதான். கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் ஓடும் வண்டிக்கு அந்தக் கேள்வி அவ்வளவாக உதவாது. இங்கே பிளேடு மழையில் ஓடித் தேய்வதைவிடத் தூசியிலும் வெயிலிலும் கெடுவதுதான் அதிகம். தூசி முதலில் ரப்பரைக் கெடுக்கிறது. பிறகு அந்த ரப்பரில் ஒட்டிக்கொண்டு கண்ணாடியைக் கீறுகிறது. ரப்பர் சில நூறு ரூபாய்க்குள் முடிகிற செலவு. கண்ணாடி அப்படியல்ல. மாருதி 800, அம்பாசடர் இரண்டின் உற்பத்தியும் 2014-ல் நின்றது, பத்மினி அதற்கும் முன்பே போய்விட்டது. இந்த வண்டிகளில் காப்பாற்ற வேண்டியது முன்கண்ணாடியைத்தான். அதற்கு, விலை குறைந்த சாதாரண பிளேடை வாங்கி ஆண்டுக்கொரு முறை தயங்காமல் மாற்றுவதே சரி என்பது என் தீர்ப்பு.

தங்கவயலில் 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி கால் வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்படும்வரை, பாறையை மில்லில் மாவாக அரைத்துத்தான் தங்கம் எடுத்தார்கள். எடுத்தது போக மிஞ்சிய தூள்தான் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மேடுகள். சாம்பியன் ரீப்ஸின் தங்க ரேகை குவார்ட்ஸ் பாறையில் ஓடியது. அதனால் அந்தத் தூளில் குவார்ட்ஸ் நிறைய. மோஸ் அளவில் குவார்ட்ஸின் கடினம் 7, கார் கண்ணாடியின் கடினம் ஏறக்குறைய 5.5. எது எதைக் கீறும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஆனி, ஆடிக் காற்றில் இந்தத் தூள் எழும்பி, காயப்போட்ட துணியில் படிவதுபோலவே நிறுத்தி வைத்த காரிலும் படிகிறது. அந்த மாதங்களில் பெய்வது பெரும்பாலும் தூறல். கனமழை செப்டம்பர், அக்டோபரில்தான். கொட்டுகிற மழை தூசியை அடித்துக்கொண்டு போய்விடும். தூறலோ அதைக் குழைத்துக் கண்ணாடியிலேயே விட்டுவைக்கும். அந்த நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் வைப்பர் உப்புத்தாளாகிவிடுகிறது. இரவில் கண்ணாடியின் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஓட்டுநர் முகத்துக்கு நேரே வில்லாக வளைந்த மெல்லிய கோடுகள் தெரிந்தால் அவை பல ஆண்டுத் தூறல்களின் கணக்கு. எதிரே வரும் லாரியின் ஹெட்லைட் அந்தக் கோடுகளில் சிதறித்தான் கண்ணைக் கூசச் செய்கிறது.

கடையில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு வகை. இரும்புச் சட்டத்தில் கொக்கிகள் ரப்பரைப் பல இடங்களில் பிடித்திருக்கும் பழைய வகை ஒன்று. சட்டமே இல்லாமல், உள்ளே ஓடும் எஃகுப் பட்டையின் வளைவால் அழுத்தம் கொடுக்கும் ‘பிளாட்’ வகை மற்றொன்று. பாஷ் நிறுவனம் 1999-ல் கொண்டுவந்தது இந்த வகைதான். இரண்டையும் கலந்த ஹைப்ரிட்டும் உண்டு. பிளாட் வகையில் அழுத்தம் சமமாக விழும், தூசி புகுந்து இறுகும் மூட்டுகள் இல்லை, ஆகவே தூசி ஊருக்கு அதுதானே நல்லது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பட்டையின் வளைவு ஒரு குறிப்பிட்ட கண்ணாடிக்கும், பிளேடைத் தாங்கும் ஆர்மின் குறிப்பிட்ட அழுத்தத்துக்கும் என்று கணக்கிட்டுச் செய்யப்படுவது. பழைய காரின் கண்ணாடியில் வளைவு குறைவு, ஆர்ம் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கும். அதில் பிளாட் பிளேடை மாட்டினால் நடுப்பகுதி துடைத்து இரு நுனிகளும் தொடாமல் போவதுண்டு, அல்லது நுனிகள் அழுந்தி நடுவில் பட்டையாகத் தண்ணீர் நிற்பதுண்டு. போதாததற்கு, கொக்கி ஆர்முக்கு என்று தரும் பிளாஸ்டிக் அடாப்டர் சிறிது ஆடினாலும் பிளேடு தடதடக்கும். பழைய வகையிலோ, சட்டத்தின் மூட்டில் புகும் மண்ணை ஒரு குவளைத் தண்ணீர் கழுவிவிடும். பேத்தமங்கலம் வழியாகப் போகும் புதிய விரைவுச்சாலையில் அடிக்கடி வேகமாக ஓட்டுபவருக்கு மட்டும் என் தீர்ப்பு மாறும்: அந்த வேகத்தில் காற்று சட்டத்தைத் தூக்கும், பிளாட் படிந்து நிற்கும்.

சிலிகான் ரப்பர் வாங்கினால் வெயிலையும் ஓசோனையும் தாங்குமே என்பது அடுத்த வாதம். தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் இங்கே ரப்பரின் விளிம்பு முதுமையால் சாவதற்கு முன்பே துகள் குத்தி அடிபட்டுவிடுகிறது. நீண்ட ஆயுளுக்குக் கூடுதல் விலை கொடுத்தவர், விளிம்பு சிதைந்த பிறகும் ‘இவ்வளவு விலை கொடுத்தோமே’ என்று அதையே ஓட்டுவார். கண்ணாடிக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. மழையே குறைவான ஊரில் ஆண்டுதோறும் எதற்கு மாற்ற வேண்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓடாமல் நிற்கும் பிளேடையும் வெயில் விடுவதில்லை. மாதக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்த ரப்பர் உதடு அப்படியே விறைத்துவிடுகிறது. ஆர்ம் திசை மாறும் ஒவ்வொரு முறையும் அந்த உதடு மறுபக்கம் சாய்ந்தாக வேண்டும். சாயாவிட்டால் ஒரு திசையில் துடைத்து, மறுதிசையில் துள்ளும். ஆர்மை நிமிர்த்தி, உதட்டை விரல் நகத்தால் இருபுறமும் மெல்லத் தள்ளிப் பாருங்கள். ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் முரண்டு பிடித்தும் போனாலோ, மடிப்பில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ மாற்றும் காலம் வந்துவிட்டது.

ஆனால் எல்லாப் பழியையும் பிளேடின் மேல் போடக் கூடாது. துடைத்த இடத்தில் மெல்லிய ஒற்றைக் கோடு நின்றால் விளிம்பில் வெட்டு. அகலமான மங்கல் படர்ந்தால் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம். சோப்புத் தண்ணீரில் கழுவினாலே போகும். புது பிளேடும் துள்ளினால் ஆர்ம் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக நிற்கும்படி மெக்கானிக் அதை மெல்லத் திருப்பிவிடுவார். ரப்பரில் மண்ணெண்ணெயோ டீசலோ தடவும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இயற்கை ரப்பர் அதில் உப்பி, இளகிப்போகும். வாஷர் தொட்டியில் போர்வெல் தண்ணீர் ஊற்றினால் அதன் உப்பு நாஸிலை அடைக்கும், கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகவும் காயும். மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றலாம்.

வாங்கும்போது பழைய பிளேடைக் கழற்றி ராபர்ட்சன்பேட்டைக் கடைக்கே எடுத்துப் போவது நல்லது. இரு பக்க நீளமும் வேறாக இருக்கலாம், ஆர்ம் முனையும் வண்டிக்கு வண்டி மாறும். கழற்றியதும் கண்ணாடிமேல் தடித்த துண்டை மடித்துப் போட்டுவிடுங்கள். பிளேடில்லாத ஆர்ம் ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். பதினைந்து ஆண்டு கடந்து பதிவைப் புதுப்பிக்கும் கே.ஏ. 08 வண்டிக்காரர்களுக்கு இன்னொன்று: ஒழுங்காக இயங்கும் வைப்பர் வேண்டும் என்பது 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதி. மாற்றுவதற்கு ஏற்ற காலம் ஆடிக் காற்று அடங்கி, பெருமழை தொடங்குவதற்கு முன், விநாயகர் சதுர்த்தியை ஒட்டிய நாட்கள். மற்ற நாட்களில் ஒன்றே ஒன்றைச் செய்யுங்கள்: வைப்பர் சுவிட்சைத் தொடும் முன், கண்ணாடியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.