கொடையா, கூலியா? கொரியச் சாக்கோ பையின் பண்பாட்டு வரலாறு: ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

தென்கொரியாவில் 1974ஆம் ஆண்டு முதல் பேரளவில் உற்பத்தி செய்யப்பட்டு வரும் சாக்கோ பை என்னும் சிறு கேக், விளம்பரங்களில் அன்பின் அடையாளமாகவும், திரைப்படத்தில் பிரிவினையின் ஏக்கமாகவும், கேசோங் தொழிற்பேட்டையில் தொழிலாளர் கைக்கு நேரடியாக வந்த ஊதியப் பகுதியாகவும் விளங்கியது. இப்பண்டத்தை முதலாளித்துவச் சுவையின் ஊடுருவலாகக் காணும் பார்வை, அதனுள் இருக்கும் கூலிச் சிக்கலை மறைத்துவிடுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சாக்கோ பை, கொடை, கூலி, குறியெதிர்ப்பை, கேசோங், ஜோங்.

முன்னுரை

2014ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் தென்கொரியாவின் எல்லையோர நகரான பாஜுவிலிருந்து ஏறத்தாழ 50 பலூன்கள் வடக்கு நோக்கிப் பறக்கவிடப்பட்டன. அவை சுமந்து சென்றவை 10,000 சாக்கோ பைகள். வடகொரிய மண்ணில் இருந்த கேசோங் தொழிற்பேட்டையில் தொழிலாளர்களுக்கு இப்பண்டத்தை வழங்குவதை அந்நாட்டு அதிகாரிகள் தடுத்ததற்கு எதிர்ப்பாக ஆர்வலர்கள் இதனைச் செய்தனர். ஒரு கேக்கைத் தடை செய்ய ஓர் அரசும், அதனை வானில் அனுப்ப ஓர் இயக்கமும் முனைந்தமைக்கு, அப்பண்டத்தின் சுவை மட்டும் காரணமாக இருக்க இயலாது.

சாக்கோ பை என்பது இரண்டு வட்டக் கேக் துண்டுகளின் இடையே மார்ஷ்மெல்லோ என்னும் மென்மையான இனிப்பை வைத்து, மேலே சாக்லேட் பூசிய பண்டம். அது உறையிட்டு ஒவ்வொன்றாகக் கொடுக்கத்தக்கது, பல நாள் கெடாமல் இருப்பது, அளவில் மாறாதது. பண்டத்தின் இயல்பான இம்மூன்றும் அதன் பண்பாட்டு வரலாற்றையும் தீர்மானித்தன. உறையிட்ட தனித்தனிப் பண்டம் பரிசாகத் தக்கது. கெடாததும் அளவு மாறாததுமான பண்டம் பணமாகத் தக்கது. ஒரே பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குச் செல்கிறது என்பதைப் பொறுத்துக் கொடையாகவும் கூலியாகவும் மாறும் முறையே இங்கு ஆராயப்படுகிறது.

பொருளும் பெயரும்

சாக்கோ பையின் முன்னோடியாகச் சுட்டப்படுவது அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சட்டனூகா பேக்கரி 1917இல் உருவாக்கிய மூன் பை. கென்டக்கி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் தம் உணவுத் தூக்கில் வைத்துக்கொள்ளத்தக்க, பசி தாங்கும் பண்டம் ஒன்றைக் கேட்டதாலேயே அது பிறந்தது என்று அந்நிறுவனத்தின் மரபுக்கதை கூறுகிறது. பின்னாளில் சாக்கோ பை சென்று சேர்ந்த இடமும் தொழிலாளரின் வேலைத்தளமே என்பது இங்குக் கருதத்தக்கது.

1970களின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பயணத்தின்போது இத்தகைய பண்டத்தை உண்ட தென்கொரிய நிறுவன ஊழியர்களின் முயற்சியால், இன்று ஓரியன் எனப்படும் நிறுவனம் 1974இல் சாக்கோ பையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. லோட்டே முதலிய நிறுவனங்களும் அதே பெயரில் அதே வகைப் பண்டத்தை விற்றன. ஓரியன் தொடுத்த வழக்கில், ‘சாக்கோ பை’ என்பது ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரிய பெயரன்று, பண்ட வகையைக் குறிக்கும் பொதுப்பெயர் என்று கொரிய நீதிமன்றம் முடிவு செய்தது. இவ்வாறு பெயரின் தனியுரிமை கைவிட்டுப் போயிற்று.

உட்பொருளும் நிலையானதன்று. லோட்டே நிறுவனம் 2004இல் சென்னையின் பாரீஸ் மிட்டாய் நிறுவனத்தை வாங்கியது. பின்னர்ச் சென்னைக்கு அருகிலுள்ள நேமத்தில் சாக்கோ பை ஆலையை நிறுவியது. மார்ஷ்மெல்லோவில் வழக்கமாகச் சேர்க்கப்படும் ஜெலட்டின் விலங்குப் பொருளாதலின், இந்தியச் சந்தைக்காக அது நீக்கப்பட்டுப் பச்சைப் புள்ளியுடன் சைவப் பண்டமாகச் சாக்கோ பை இங்கு விற்கப்படுகிறது. பெயர் பொதுவுடைமை, உட்பொருள் ஊருக்கேற்ப மாறுவது. எனவே இப்பண்டத்தின் பொருண்மையை அதன் செய்முறையில் தேடுவதைக் காட்டிலும், அது கைமாறும் சூழலில் தேடுவதே பொருத்தமானது.

விளம்பரம் படைத்த கொடை

பெயரைப் போட்டியாளரும் பயன்படுத்திய சூழலில், ஓரியன் தன் பண்டத்துக்கு ஓர் உணர்வை அடையாளமாக்கியது. 1989 முதல் அதன் விளம்பரங்களின் மையச்சொல் ‘ஜோங்’. நெடுநாள் பழக்கத்தால் மனிதரிடையே ஊறிவரும் பற்றைக் குறிக்கும் கொரியச் சொல் இது. தமிழில் பாசம், பரிவு, ஒட்டுதல் ஆகிய சொற்கள் அதன் பகுதிகளைத் தொடுகின்றன. முழுமையையும் ஒரே சொல்லில் தருதல் அரிது. பிரிவும் சந்திப்பும் நிகழும் எளிய வீட்டுச் சூழல்களைக் காட்டி, வாயால் சொல்ல இயலாத அன்பைச் சொல்லும் பொருளாக விளம்பரம் சாக்கோ பையை முன்னிறுத்தியது. சீனச் சந்தையில் 2008 முதல் ‘ஜோங்’ என்பதற்கு மாற்றாகக் கன்பூசிய அறத்தின் தலையாய பண்பான ‘ரென்’, அதாவது மனிதநேயம், உறையில் இடம்பெற்றது. வியட்நாமில் முன்னோர் வழிபாட்டுப் படையலிலும் சாக்கோ பை இடம்பெறுகிறது.

இங்கு விற்கப்படுவது கேக் மட்டுமன்று; கொடுக்கும் செயலும் சேர்த்து விற்கப்படுகிறது. பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட கொடை பற்றிய ஆய்வில், எக்கொடையும் திருப்பித் தரும் கடப்பாட்டைத் தன்னுள் கொண்டுள்ளது என்று காட்டினார். தமிழ் மரபு இவ்வேறுபாட்டை முன்பே கூர்மையாக உணர்ந்திருந்தது. அளந்து கொடுத்து, அதே அளவில் திரும்பப் பெறுவதைக் ‘குறியெதிர்ப்பை’ என்னும் சொல்லால் புறநானூறும் திருக்குறளும் சுட்டுகின்றன. வறியவர்க்கு ஈவதையே ஈகை எனக் கொண்ட திருக்குறள், ஏனையவற்றைக் குறியெதிர்ப்பையின் பாற்படுத்துகிறது. விளம்பரத்தின் சாக்கோ பை தன்னை ஈகையாகக் காட்டிக்கொள்கிறது. அது குறியெதிர்ப்பையாகவும் கூலியாகவும் மாறும் இடங்களை அடுத்துக் காணலாம்.

திரையில் மறுக்கப்பட்ட அழைப்பு

பார்க் சான்-வூக் இயக்கிய ‘ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா’ (2000), பன்முன்ஜோம் எல்லைக் காவல்நிலையில் இரு நாட்டு வீரர்களிடையே மறைவில் மலரும் நட்பைப் பேசும் படம். தெற்கின் வீரன் கொண்டுவரும் சாக்கோ பையை வடக்கின் படைவீரன் ஓ (நடிகர் சோங் காங்-ஹோ) வாய்நிறைய உண்கிறான். தெற்கே வந்துவிட்டால் இதனை வேண்டுமட்டும் உண்ணலாம் என்று நண்பன் சொன்னதும் அறை அமைதியாகிறது. ஓ வாயிலிருந்ததைக் கையில் உமிழ்கிறான். தன் நாடு இதனினும் சிறந்த இனிப்பை ஒருநாள் செய்ய வேண்டும் என்பதே தன் கனவு என்றும், அதுவரை இதற்கு ஏங்குவதன்றி வேறு வழியில்லை என்றும் கூறுகிறான். பின்னர் உமிழ்ந்ததையே மீண்டும் வாயிலிட்டுக்கொள்கிறான்.

இக்காட்சியை வடக்கின் வறுமைக்குச் சான்றாக மட்டும் காண்பது குறைப்பார்வையாகும். நண்பனின் கொடையாக இருந்தவரை ஓ அதனைத் தயக்கமின்றி உண்டான். ‘எங்கள் பக்கம் வா’ என்னும் விலை அதன்மேல் ஏறியதும் அது குறியெதிர்ப்பையாயிற்று, அவன் உமிழ்ந்தான். விலையை மறுத்துத் தன் மதிப்பை நிலைநாட்டிய பின் அதே பண்டத்தை மீண்டும் கொடையாக ஏற்றான். உமிழ்வதற்கு முன்னும் பின்னும் சுவை ஒன்றே. மாறியது கொடுப்போருக்கும் கொள்வோருக்கும் இடையிலான உறவு. இந்நுட்பத்தைத் திரைப்படம் உணர்ந்த அளவுக்கு, கேசோங் குறித்துப் பின்னர் எழுந்த எழுத்துகள் பல உணரவில்லை.

கேசோங்: கூலியின் மறைபெயர்

வடகொரிய எல்லைக்குள், தெற்கின் முதலீட்டாலும் வடக்கின் உழைப்பாலும் இயங்கிய கேசோங் தொழிற்பேட்டையில் 2004 இறுதியில் உற்பத்தி தொடங்கியது. உச்சநிலையில் 120க்கும் மேற்பட்ட தென்கொரிய நிறுவனங்களும் 50,000க்கும் மேற்பட்ட வடகொரியத் தொழிலாளர்களும் அங்கிருந்தனர். தொழிலாளருள் பெரும்பாலோர் பெண்கள். குறைந்தபட்ச ஊதியம் தொடக்கத்தில் மாதம் 50 டாலர். ஆண்டுக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தக்கூடாது என்பது ஒப்பந்தம். அந்த டாலர் தொழிலாளர் கைக்குச் செல்லவில்லை. வடகொரிய அரசு அமைப்பு அதனைப் பெற்றுப் பிடித்தம் போக எஞ்சியதை உள்நாட்டுப் பணமாகவும் பண்டச் சீட்டுகளாகவும் வழங்கியது.

மிகையாக உழைத்தவருக்கு நிறுவனம் நேரடியாகப் பணம் தர வழியில்லை. உணவு தர வழி இருந்தது. நாள்தோறும் சிற்றுண்டியாகவும், கூடுதல் நேர வேலைக்கு ஊக்கமாகவும் சாக்கோ பைகள் வழங்கப்பட்டன. தொழிலாளர் பலர் அவற்றை உண்ணாமல் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு சென்றனர். அவை வடகொரியச் சந்தைகளில் விலைபோயின. தமக்குக் கிடைத்தவற்றை ஒன்றுதிரட்டி முறைவைத்து ஒருவருக்கு மொத்தமாகத் தரும் ‘கே’ என்னும் சீட்டையும் தொழிலாளர் நடத்தியதாகச் செய்திகள் வெளிவந்தன. நம் ஊர்ச் சீட்டுக்கு இணையான இவ்வழக்கமே இப்பண்டம் எதுவாக இருந்தது என்பதற்கு வலுவான சான்று. தின்பண்டத்தைச் சீட்டுக் கட்டுவார் இல்லர், பணத்தைத்தான் கட்டுவர். நிறுவனம் ‘சிற்றுண்டி’ என்று பெயரிட்டதைத் தொழிலாளர் கூலி என்று சரியாகவே படித்தனர்.

இவ்வளவு தெளிவான செய்தியைப் பொதுப்பேச்சு வேறு விதமாக விளக்கியது. நியூயார்க்கில் 2014இல் ஜின்-ஜூ சே என்னும் கலைஞர், வடகொரிய நாளிதழ்த் தாள்களின்மேல் சாக்லேட்டால் அச்சிட்ட படைப்புகளைக் காட்சிப்படுத்தினார். ‘வடகொரியாவின் சாக்கோ பை மயமாதல்’ என்பது அக்காட்சியின் தலைப்பு. இனிப்பு ஒன்று இரும்புக் கட்டமைப்பை உருக்குகிறது என்னும் உருவகம் ஊடகங்களிலும் பரவியது. இவ்வுருவகத்தில் உண்மை இல்லாமலில்லை. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த பண்டம் எல்லைக்கு அப்பாலுள்ள வாழ்வை நினைவூட்டவே செய்யும். ஆயினும் அது தொழிலாளரை வெறும் நாவாகக் குறுக்கிவிடுகிறது. சுவைத்து மயங்குபவராக அவரைக் காணும் பார்வை, எண்ணிச் சேர்த்து விற்றுச் சீட்டுக் கட்டியவரைக் காணவில்லை. வடக்கின் தடையும் தெற்கின் பலூனும் இவ்வகையில் ஒரே பிழையைச் செய்தன: இரண்டும் பண்டத்தைக் கருத்தியலாகக் கொண்டன, அது தொழிலாளருக்குச் சேரவேண்டிய ஊதியம் என்பதை இரண்டும் பேசவில்லை. 2016 பிப்ரவரியில் தொழிற்பேட்டை மூடப்பட்டது.

இனிப்புப் பெட்டியும் ஊதிய உரிமையும்

இச்சிக்கல் கொரியாவுக்கு மட்டும் உரியதன்று. இந்தியாவில் 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஊதியம் செல்லுபடியாகும் பணமாகவே தரப்பட வேண்டும் என்று வகுத்தது. 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் குறைந்தது 8.33 விழுக்காட்டுப் போனஸை உரிமையாக்கியது. தீபாவளியின்போது முதலாளி தரும் இனிப்புப் பெட்டி அன்பளிப்பு. அதனுடன் வரும் போனஸ் உரிமை. இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவு தொழிற்சங்க வரலாறு நமக்குத் தந்தது. போனஸ் இல்லாமல் பெட்டி மட்டும் வருமாயின் அதன் இனிப்புக்கு வேறு பொருள் உண்டு என்பதை எந்த ஆலைத் தொழிலாளியும் அறிவார்.

கூலி பண்டமாகத் தரப்படுவது மட்டுமே குற்றமாகாது. தஞ்சை வயல்களில் கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலத்தில், அதன் அளவுக்காகப் போராட்டங்கள் நடந்தன. நெல் பண்டமாயினும் அது கூலி என்று பெயரிடப்பட்டிருந்தது. ஆதலின் குறைந்தால் கேட்க முடிந்தது. அன்பளிப்பு குறைந்தால் கேட்க முடியாது. கேசோங் தொழிலாளர் இழந்தது இதனையே. 2014இல் வழங்கல் தடுக்கப்பட்டபோது அவர்கள் பெற்றுவந்த வருவாயின் ஒரு பகுதி மறைந்தது. அது கூலி என்னும் பெயரைப் பெறாமையால் முறையிட எந்த அவையும் இல்லை.

முடிவுரை

சாக்கோ பையின் பெயர் பொதுவானது. அதன் செய்முறை இடத்துக்கு இடம் மாறுவது. அதன் பொருண்மை கைமாறும் உறவால் அமைவது. விளம்பரம் அதனைக் கொடையாக்கியது. திரைப்படம், கொடையின்மேல் விலை ஏறும் நொடியைக் காட்டியது. கேசோங், கூலி கொடையின் பெயரில் வழங்கப்படும்போது உழைப்பவர் கேட்கும் உரிமையை இழப்பதைக் காட்டியது.

எனினும் அங்கும் உண்மையான கொடை ஒன்று நிகழ்ந்தது. நாள் முழுதும் தையல் எந்திரத்தின் முன் அமர்ந்த ஒரு பெண் தனக்குக் கிடைத்ததைத் தின்னாமல் மடித்து எடுத்துச் சென்று தன் பிள்ளையின் கையில் வைத்தபோது, விளம்பரம் சொன்ன ‘ஜோங்’ மெய்யாயிற்று. அக்கொடையைக் கொடுத்தவர் அவர்; நிறுவனமன்று. பேரளவு உற்பத்திப் பண்டங்களின் பண்பாட்டு வரலாற்றை எழுதுவோர், பண்டத்தின் உறையில் அச்சிட்டிருக்கும் சொல்லோடு, அதனை எண்ணி வாங்கிய கைகளின் கணக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.