வெளிச்சத்தை எண்ணி வருமானம் சொல்லலாமா?

தீபாவளிக்குத் தீபாவளி வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும், விண்வெளியிலிருந்து எடுத்த தீபாவளி இரவு என்று. பல ஆண்டுத் தரவைச் சேர்த்து வண்ணம் கொடுத்த படம் அது. தீபாவளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் இரவு ஒளித் தரவு நிஜம். அதை வைத்து இன்று பொருளாதாரத்தையே அளக்கிறார்கள்.

இதில் எல்லாரும் மேற்கோள் காட்டுகிற கட்டுரை ஒன்று உண்டு. ஹெண்டர்சன், ஸ்டோரிகார்ட், வைல் மூவரும் 2012-இல் 'அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ' இதழில் எழுதியது. ஒரு நாட்டின் இரவு ஒளி 10 விழுக்காடு கூடினால், உற்பத்தி ஏறத்தாழ 3 விழுக்காடு கூடியிருக்கும் என்பது அவர்கள் கண்ட தொடர்பு. மடகாஸ்கரின் இலாகாகா பக்கம் 1998-இல் நீலக்கல் கிடைத்தபின், இருட்டாகக் கிடந்த இடம் ஒளிர ஆரம்பித்ததைப் படமாகவே காட்டுகிறார்கள். நல்ல கட்டுரைதான். அரசுக் கணக்கு நம்பும்படி இல்லாத நாட்டில் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்று அடக்கமாகத்தான் சொல்கிறார்கள்.

என் சண்டை அவர்களோடு இல்லை. நாட்டுக்குச் சொன்னதை மாவட்டத்துக்கும், அங்கிருந்து கிராமத்துக்கும் இறக்கி, "இங்கே இருட்டு, ஆகவே ஏழ்மை" என்று வரைபடம் போடுகிறவர்களோடுதான். அவர்கள் ஆசைப்படுவதும் புரிகிறது. நம்மூரில் மாவட்ட வருமானக் கணக்கே பெரும்பாலும் மாநிலக் கணக்கைப் பங்கு பிரித்து எழுதுவதுதான். இலவசமாகக் கிடைக்கிற செயற்கைக்கோள் தரவை யார் விடுவார்?

சரி, தாமிரபரணிக் கரையில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் கருவி. 1992 முதல் 2013 வரையான தரவு டிஎம்எஸ்பி என்ற அமெரிக்க ராணுவ வானிலைச் செயற்கைக்கோள்களுடையது. ஒளியை 0 முதல் 63 வரைதான் எண்ணும். 63-ஐத் தொட்டபின் கூடினாலும் தெரியாது. போதாததற்குப் பல கிலோமீட்டருக்கு மங்கிப் பரவும். நெல்லை டவுனும் பாளையங்கோட்டையும், நடுவே ஓடுகிற ஆறும் வயலும் எல்லாம் ஒரே வெளிச்சத் திட்டுதான். 2011-இல் ஏவிய சுவோமி என்பிபி-யில் உள்ள விர்ஸ் கருவி எவ்வளவோ தெளிவு. ஆனால் அது கடந்து போவது நள்ளிரவு தாண்டி சுமார் 1.30 மணிக்கு.

அந்த நேரத்தில் யார் விளக்கு எரியும்? நாங்குநேரி சுங்கச்சாவடி எரியும். கூடங்குளம் அணுமின் நிலையம் எரியும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பத்தமடையில் பாய் நெய்கிறவரும் அப்படியே. கார், பிசானம் என்று இரண்டு போகம் விளைகிற வயலில் விளக்கே கிடையாது. ஆக, இந்தப் பள்ளத்தாக்கு சோறு தின்கிற தொழில்களில் பாதி இந்தக் கருவியின் கண்ணிலேயே படாது.

அடுத்தது மின்சாரம். 2012-இல் தமிழ்நாட்டு மின்வெட்டு நினைவிருக்கும். சென்னைக்கு 2 மணி நேரம், தென்மாவட்டங்களுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல். அந்த வருஷம் இங்கே ஒளி குறைந்திருந்தால் அது வருமானம் குறைந்ததையா காட்டும், மின்வாரியம் யாருக்கு வெட்டியது என்பதையா? இதில் வேடிக்கை என்னவென்றால், பாபநாசத்தில் 1940-களிலிருந்தே நீர்மின் நிலையம் இருக்கிறது. தெற்கே காற்றாலைகள். கூடங்குளத்தில் ஆயிரம் ஆயிரம் மெகாவாட்டாக இரண்டு அணு உலைகள். மின்சாரம் இங்கே பிறந்து வேறெங்கோ வெளிச்சமாகிறது. படம் அந்த வேறெங்கோவைத்தான் பணக்கார ஊர் என்கிறது.

மூன்றாவது, எல்இடி. விர்ஸ் கருவிக்கு நீல ஒளி சரியாகத் தெரியாது; வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம். மஞ்சள் சோடியம் விளக்கைக் கழற்றி எல்இடி மாட்டிய தெரு நமக்குப் பளிச்சென்று இருக்கும், செயற்கைக்கோளுக்கு மங்கலாகத் தெரியலாம். முன்னேற்றமே பின்னடைவாகப் பதிவாகும்.

வடிகட்டலும் ஒரு தொல்லை. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆயிரக்கணக்கானவர்கள் காட்டுக்குள் போவார்கள். வருஷ சராசரி தயாரிக்கும்போது இந்த மாதிரி ஒளியைத் 'தற்காலிகம்' என்று நீக்கிவிடுவார்கள். மேகம் மூடினால் கருவிக்கு எதுவுமே தெரியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் ஆறு ஊருக்குள் வந்தபோது, எங்கே மின்சாரம் இல்லை என்று தெரிய வேண்டிய அந்த இரவுகளில் மேலே மழைமேகம்தான் இருந்தது.

அப்போ தூக்கி எறியலாமா? கூடாது. நகரம் எந்தப் பக்கம் வளர்கிறது, வானம் தெளிந்தபின் எந்த ஊருக்கு மின்சாரம் திரும்பியது என்பதற்கெல்லாம் இது அருமையான சாட்சி. 2016 பணமதிப்பிழப்பின் பாதிப்பை அளந்தவர்களும் இதைப் பயன்படுத்தினார்கள். ஆனால் வீட்டுக் கணக்கெடுப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாவட்டத்துக்கு மாவட்டம் என்ன மாறியது என்றுதான் கேட்டார்கள். இந்த ஊர் பணக்கார ஊரா என்று கேட்கவில்லை.

அந்த வித்தியாசம் வெறும் ஆய்வுச் சச்சரவு இல்லை. நாளைக்கு ஒரு நலத்திட்டத்துக்கு ஊர்களைத் தேர்ந்தெடுக்க இந்த வரைபடத்தை மேசையில் விரித்தால், நாற்கர சாலை ஓரத்து ஏழை ஊர் 'வளர்ந்த ஊர்' ஆகிவிடும்; பீடிக் கூலி குறைந்தாலும் கூடினாலும் முக்கூடல் படத்தில் ஒரே மாதிரி இருக்கும். அதனால் இப்படி ஒரு வரைபடத்தை யார் காட்டினாலும், எந்தக் கருவி, எத்தனை மணிக்கு எடுத்தது, அந்த வருஷம் மின்வெட்டு எப்படி என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது விளக்குகளின் படம் மட்டும்தான்.