ஆதாயமும் சாட்சியும்: இரண்டு பிள்ளைகளை ஒன்றாக வாசித்தல்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் 'ஆத்தும ஆதாயம்' என்று ஒரு சொல் உண்டு. இன்னொருவரிடம் விசுவாசத்தைச் சொல்லி அவரைச் சபைக்குக் கொண்டுவருவது என்று அர்த்தம். பழைய வேதாகம மொழிபெயர்ப்பின் நீதிமொழிகளில் இதற்கு வேர் இருக்கிறது. அதே வேதாகமத்தில் 'சாட்சி' என்ற சொல்லும் இருக்கிறது. இரண்டையும் நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஆனால் ஒன்று கடைத்தெருச் சொல், மற்றது நீதிமன்றச் சொல். ஆதாயம் பார்க்கிறவர் எத்தனை பேர் என்று எண்ணியாக வேண்டும். சாட்சி கண்டதைச் சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கிவிடலாம். தீர்ப்பு அவர் கையில் இல்லை.

'அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தைப் பகிருங்கள்' என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரு கைப்பிரதி, இல்லையென்றால் வாட்சாப்பில் ஒரு வசனப் படம். இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் இலக்கியத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு வருட இடைவெளியில் பிறந்த இரண்டு பிள்ளைகள்: மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889), எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை (1827–1900). இருவரையும் தனித்தனியாகத்தான் பாராட்டி வந்திருக்கிறோம். ஒன்றாக வைத்து வாசித்தால் நம் பழக்கங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும்.

முதலில் கிருஷ்ண பிள்ளை. திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பனிலும் ஆழ்வார்களிலும் ஊறியவர். சாயர்புரத்து மிஷன் பள்ளியில் தமிழ் ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்தார். சுற்றிலும் பாதிரிமார், ஜெபம், பிரசங்கம். ஆனால் அவரை மாற்றியது அந்தச் சூழல் மட்டும் என்று சொல்ல முடியாது. அவருடைய நண்பர் தனகோடி ராஜுவும் சகோதரர் முத்தையா பிள்ளையும் அவருக்கு முன்பே கிறிஸ்தவர்களாகியிருந்தார்கள். அவர்களோடு பேசியது, வாசித்தது, தனியாக யோசித்தது என்று நாட்கள் போன பிறகுதான் 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். எச்.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் இருக்கும் ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் அப்போது வந்தது.

மேடைப் பேச்சு எட்டாத இடத்துக்கு நட்பு போயிருக்கிறது. அந்த நட்பும் அவசரப்படவில்லை. கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கையை நம் சபைகளில் சொல்லும்போது 'மகா பண்டிதர், பெரிய வைணவர், அவரே வந்துவிட்டார்' என்று முடிவை மட்டும் கொண்டாடுகிறோம். யார் அவரோடு உட்கார்ந்து பேசினார்கள், எவ்வளவு பொறுத்தார்கள் என்பதைச் சொல்வதில்லை. தனகோடி ராஜுவை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருடைய பெரிய படைப்பு இரட்சணிய யாத்திரிகம். 'நற்போதகம்' இதழில் தொடராக வந்து 1894இல் நூலானது. ஜான் பன்யன் 1678இல் எழுதிய, தமிழில் மோட்சப் பிரயாணம் என்று அறியப்படும் கதையைத் தழுவிய காப்பியம். பன்யனின் கதைநாயகன் அழியப்போகும் ஊரை விட்டு மனைவி மக்களைப் பின்னால் விட்டு ஓடுகிறவன். அவர்கள் கூப்பிடுவது கேட்கக்கூடாதென்று காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அந்த ஓட்டம் கதைக்கு வேகம் தருகிறது. ஆனால் அன்றாட வாழ்க்கையில் விசுவாசத்தைப் பகிர்வதற்கு அது நல்ல மாதிரி இல்லை. பன்யனுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1684இல் இரண்டாம் பாகம் எழுதினார். அதில் மனைவி பிள்ளைகளோடு கிளம்புகிறாள். பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியும் கூடப் போகிறாள். கொஞ்ச தூரம் வழியனுப்ப வந்தவள் அப்படியே தொடர்ந்து நடக்கிறாள். அவளை யாரும் வாதாடி ஜெயிக்கவில்லை.

கிருஷ்ண பிள்ளை எடுத்துக்கொண்டது தனி ஆள் ஓடும் முதல் பாகத்தின் கதையை. ஆனால் பன்யனிடம் இல்லாத ஒன்றை அவர் சேர்த்தார். கிறிஸ்துவின் பாடுகளை விரிவாகப் பாடும் இரட்சணிய சரித படலம் அது. காப்பியத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பிற சமயங்களைக் கண்டித்துப் பேசும் இடங்களில் அவருடைய தமிழ் இறுகிப்போய்விடுகிறது. ஏற்கனவே ஒத்துக்கொண்டவர் மட்டுமே அங்கே தலையாட்டுவார். பாடுகளைப் பாடும்போது கம்பனிடம் கற்ற ஓசையும் ஆழ்வார்களிடம் கற்ற உருக்கமும் தாமாக வந்து சேர்கின்றன. விட்டுவந்த வீட்டின் மொழியிலேயே புதிய விசுவாசத்தைப் பாடுகிறார். தமிழ்நாட்டின் 12ஆம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இந்தக் காப்பியத்திலிருந்து சேர்க்கப்பட்டிருப்பதும் இயேசு பழிக்கப்பட்டுப் பாடுபடும் பகுதிதான். எல்லா மதத்துப் பிள்ளைகளும் அதைப் படிக்கிறார்கள். அவர் 1898இல் எழுதிய இரட்சணிய சமய நிர்ணயம் என்ற உரைநடை வாத நூலைவிட, அதற்கடுத்த ஆண்டு வந்த இரட்சணிய மனோகரம் என்ற பக்திப் பாடல் தொகுப்பே இன்றும் நெருக்கமாக இருக்கிறது. அதே ஆள், அதே விசுவாசம். வாதம் பழசாகிவிட்டது, பாட்டு நிற்கிறது.

அவருடைய வாரிசுகள் என்று சொல்லிக்கொள்கிற நாம் எடுத்துக்கொண்டதோ வாதத்தை. பன்யன் கதையில் டாக்கட்டிவ் என்று ஒரு பாத்திரம் வரும். வாயாடி என்று வைத்துக்கொள்ளலாம். பக்தி விஷயம் எதைக் கேட்டாலும் மணிக்கணக்கில் பேசுவான், ஆனால் அவன் வீட்டில் அதன் வாசனைகூட இருக்காது. ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடக்கிற இந்துப் பெரியவரிடம், அவரைக் கேட்காமலேயே தலையில் கைவைத்து உரத்த குரலில் ஜெபித்துவிட்டுப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெரியவரின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. வாயாடி நடந்து நடந்து இங்கே வரைக்கும் வந்துவிட்டான் என்றுதான் தோன்றியது.

இனி வேதநாயகம் பிள்ளை. கத்தோலிக்கர், மாயூரத்தில் முன்சீப்பாக இருந்தவர். தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்டார். அதில் கடவுள் உண்டு, அறம் உண்டு, கேலி உண்டு. கிறிஸ்தவப் பிரசாரம் இல்லை. 1878இல் வந்த கீர்த்தனைத் தொகுப்புக்குப் பெயரே சர்வ சமய சமரசக் கீர்த்தனை. எந்தச் சமயத்தாரும் பாடலாம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது குளத்துக்கோவை பாடினார். சைவ மடமான திருவாவடுதுறை ஆதீனத்தோடு இவருக்கு நெருங்கிய உறவு.

1876–78 பஞ்சத்தில் வேதநாயகம் தன் சொந்தப் பணத்தைச் செலவு செய்து பசித்தவர்களுக்கு உணவு கொடுத்தார். அதைப் பார்த்து நெகிழ்ந்து ஒருவர் அவர்மேல் கீர்த்தனை பாடினார். பாடியவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி. தில்லை நடராஜரையே பாடிப் பழகிய வாய் ஒரு கத்தோலிக்க முன்சீப்பைப் பாடியது. ஒரு கிறிஸ்தவனின் அன்றாட வாழ்க்கைக்கு இதைவிடப் பெரிய சான்று தமிழில் இருக்கிறதா?

ஆனால் வேதநாயகத்திடமும் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. அவர் தேவமாதா அந்தாதி பாடியவர், தேவ தோத்திர மாலை பாடியவர். அந்தப் பக்தி ஒரு அலமாரியில், நாவலும் சமரசக் கீர்த்தனையும் வேறொரு அலமாரியில். பஞ்சத்தில் கொடுத்த கைக்கும் மாதாவைப் பாடிய நாவுக்கும் என்ன தொடர்பு என்று அவருடைய நாவல் வாசகருக்குச் சொல்வதில்லை. நல்ல மனிதர் என்று தெரிகிறது, எதிலிருந்து அந்த நன்மை ஊறியது என்று தெரியவில்லை. மரியாதையாக ஆரம்பிக்கிற மௌனம் கொஞ்ச காலத்தில் பழக்கமாகிவிடும்.

சிலிபினில் இருந்துகொண்டு வாசிக்கும்போது இந்த இரண்டு பேரும் எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிவதில்லை. இங்கே லூர்து மாதா கோயில் இருக்கிறது. ஈப்போவைச் சுற்றிய தாமான்களில் கடைவீட்டு மாடிகளில் பெந்தெகொஸ்தே சபைகள் இருக்கின்றன. தைப்பூசத்துக்குக் கல்லுமலைக்குக் கூட்டம் கூட்டமாகப் போகும் இந்துக்கள் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், பல வீடுகளில் சொந்தக்காரர்களும்கூட. ரப்பர்த் தோட்டத்து லயங்களில் ஒரே வரிசையில் இருந்தவர்கள், தோட்டம் கைமாறித் துண்டானபோது ஒரே லாரியில் சாமான் ஏற்றி டவுனுக்கு வந்தவர்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் வேதநாயகத்தின் பிள்ளைகள்: பலகாரம் கொடுப்போம், சாவுக்குப் போவோம், விசுவாசத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். சபைக்காரர்கள் கிருஷ்ண பிள்ளையின் வாத நூலுக்குப் பிள்ளைகள்: வாய் திறப்பார்கள், சாமி கும்பிட்ட வீட்டில் சாப்பிடத் தயங்குவார்கள். இரண்டு பக்கமும் விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் இரண்டு பழக்கமும் நமக்கு அடையாளம் தெரிகிறதல்லவா?

மலேசியாவில் இதற்குச் சட்டப் பின்னணியும் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற மதங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்தலாம் என்று அதே பிரிவின் 4ஆவது உட்பிரிவு சொல்கிறது. பேராக்கில் அப்படி ஒரு சட்டம் உண்டு. ஆகவே நடைமுறையில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் தன் விசுவாசத்தைச் சொல்லப்போவது பெரும்பாலும் இன்னொரு தமிழரிடம். ஏற்கனவே எண்ணிக்கையில் சிறியதாக இருக்கிற சமூகத்துக்குள்ளேயே ஆள் எடுக்கிறார்கள் என்ற வருத்தம் இந்துக்களிடம் இருக்கிறது. ஒரே வீட்டில் அண்ணன் ஒரு மதம், தம்பி ஒரு மதம். அப்பா இறந்தால் யார் கொள்ளி வைப்பது, யார் ஜெபம் சொல்வது என்று பிணத்தை வைத்துக்கொண்டே வாக்குவாதம். 'ஆதாயம்' என்ற சொல் அந்த வீட்டில் எப்படிக் கேட்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

'அப்படின்னா நீங்க பழகுறதே வலை வீசத்தானா?' என்று ஒரு இந்து நண்பர் கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்கு வாயால் பதில் சொல்ல முடியாது. அவர் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகும் அடுத்த தீபாவளிக்கு அவர் வீட்டில் நாம் உட்கார்ந்திருந்தால் அதுதான் பதில். அவர் காவடி எடுத்த வருடம் என்ன வேண்டுதல், என்ன நடந்தது என்று கேட்டு, குறுக்கே பேசாமல் முழுசாகக் காது கொடுத்தால் அதுவும் பதில். காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவனால் இதைச் செய்ய முடியாது.

இதைக் காரணம் காட்டிப் பேசாமலே இருந்துவிடலாமா என்றால், கூடாது என்றே நினைக்கிறேன். ஒருவருக்கு வாழ்க்கையில் மிக முக்கியமான விஷயத்தை நண்பரிடம் கடைசிவரை சொல்லாமல் இருப்பது நட்புக்குக் குறைதான். மகள் பரீட்சையில் தேறியதைச் சொல்கிறோம், அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியதைச் சொல்கிறோம். அம்மாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்ததையும், அந்த இரவை எப்படிக் கடந்தோம் என்பதையும் மட்டும் ஏன் விழுங்க வேண்டும்? கிருஷ்ண பிள்ளையின் பாட்டு பிழைத்ததற்குக் காரணம் அவர் தன்னைத் தொட்டதை, தன் வீட்டுத் தமிழில் சொன்னது. நமக்குக் காப்பியம் பாட வராது. ஆனால் 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்', 'பரலோக ஆசீர்வாதம்' என்ற சபைத் தமிழைக் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு, அண்ணே, அக்கா என்று பேசுகிற தமிழில் நடந்ததைச் சொல்ல வரும்.

தவக்கால வெள்ளிக்கிழமை வேலையிடத்துக் கேண்டீனில் 'என்ன தம்பி, இன்னிக்குக் கோழி எடுக்கலையா?' என்று யாராவது கேட்பார்கள். 'எங்களுக்கு விரதம்ணே' என்று சொல்லி முடித்துவிடுவதுதான் வழக்கம். அதோடு இரண்டு வரி சேர்க்கலாம்: 'இயேசு எங்களுக்காகச் செத்த நாளை நினைச்சிக்கிட்டு இருப்போம்ணே. சாப்பிடாம மிச்சம் பிடிக்கிற காசை இல்லாதவங்களுக்குக் கொடுப்போம்.' கொடுப்பதாகச் சொன்னால் கொடுத்திருக்கவும் வேண்டும். அதற்குமேல் அவர் கேட்டால் சொல்லலாம். கேட்காவிட்டால் அவருடைய கந்த சஷ்டி விரதம் எப்படி என்று நாம் கேட்கலாம், கோப்பியைக் குடித்துவிட்டு இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பலாம்.