தண்ணீர் கொடுத்தவர் பெயர்

வேல்சில் மெர்தர் டிட்வில் என்று ஒரு ஊர். இரும்பும் நிலக்கரியும் வளர்த்த ஊர். அங்கே 1906ல் வைத்த ஒரு குடிநீர் மண்டபம் நிற்கிறது. கிளாஸ்கோவிலுள்ள வால்டர் மெக்ஃபார்லேன் கம்பெனியின் சாரசன் வார்ப்படச்சாலையில் செய்த வார்ப்பிரும்பு வேலை. அழகாகத்தான் இருக்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. அழகைப் பற்றி எழுத அங்கேயே ஆட்கள் இருக்கிறார்கள். நான் இதை ஒரு பிரதியாக வாசிக்கிறேன்.

யார் நினைவாக? ராபர்ட் தாமஸ், லூசி தாமஸ் என்ற தம்பதியின் நினைவாக. தென் வேல்சின் நீராவி நிலக்கரி வாணிபத்துக்கு இவர்களே முன்னோடிகளாம். கொடுத்தவர் சர் வில்லியம் தாமஸ் லூயிஸ். அவர் மனைவி இந்தத் தம்பதியின் பேத்தி. தாத்தா பாட்டிக்கு வீட்டார் வைத்த சின்னம், ஊருக்குச் செய்த தர்மமாக ஆகிவிடுகிறது. இந்த வித்தை நமக்குப் புதுசு இல்லை.

லூசியை அவ்வளவு சுலபமாக ஒதுக்கிவிட முடியாது. புருஷன் செத்த பிறகு சுரங்கத்தை நடத்திய பொம்பளை. எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்துக்குப் பதில் கீறல்தான் போடுவார் என்கிறார்கள். அவர் 1847ல் செத்தது டைபாய்டில். டைபாய்டு எதில் வரும்? மலம் கலந்த தண்ணீரில் வரும். அந்தம்மா நினைவாகத்தான் குடிதண்ணீர். இதை அந்த மண்டபத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை.

முதலாளி வீட்டம்மாவுக்கே அந்தக் கதி என்றால் மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். 1849ல் காலரா வந்து அந்த ஊரில் 1400 பேருக்கு மேல் செத்தார்கள். அதே சமயத்தில் ராம்மெல் என்ற சுகாதார ஆய்வாளர் விசாரித்து, 1850ல் அறிக்கை கொடுத்தார். வேல்சிலேயே பெரிய ஊர், ஆனால் குழாய்த் தண்ணீர் கிடையாது. டாஃப் ஆற்றுத் தண்ணீர் இரும்பாலைகளுக்கு. சனங்களுக்கு ஊற்றும் கிணறும். கோடையில் பொம்பளைகள் ராத்திரியெல்லாம் ஊற்றடியில் பாத்திரத்தோடு வரிசையில் காத்துக் கிடந்தார்கள். அறிக்கை வந்ததும் தண்ணீர் வந்துவிட்டதா? அதுதான் இல்லை. ஆலைக்கு வரும் தண்ணீர் குறையுமே என்று இரும்பாலை முதலாளிகள் முட்டுக்கட்டை போட்டு 1850கள் முழுக்க இழுத்தடித்தார்கள். 1860களில்தான் குழாய் வந்தது. நடுவில் 1854ல் இன்னொரு தடவை காலரா.

தண்ணீருக்காகக் காத்துக் கிடந்த அந்தப் பெண்களில் ஒருத்தி பெயரும் இரும்பில் வார்க்கப்படவில்லை. தண்ணீர் எடுத்துவைத்த வர்க்கமே பிறகு தண்ணீர் கொடுக்கிறது, தன் பெயரையும் வைத்துக்கொள்கிறது. இதைத்தான் கொடை என்று எழுதிவைக்கிறார்கள். நமக்கு இந்த இடம் பழக்கமானது. உயரத்திலிருந்து கையில் ஊற்றுகிறவனுக்குத் தண்ணீர் புண்ணியம், ஏந்திக் குடிக்கிறவனுக்கு அவமானம். 1927 மார்ச் 20ல் மகாதில் அம்பேத்கர் குளத்தில் இறங்கிக் குடித்தது யாரும் கொடுத்த தண்ணீர் அல்ல. வேல்சுத் தொழிலாளிக்குத் தீட்டு கிடையாது, அவன் பட்டதும் நாம் பட்டதும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கொடுக்கிற கை எப்படி எழுதுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

லூயிசை விட்டுவிட முடியாது. 1873ல் சுரங்க முதலாளிகள் சங்கத்தைக் கட்டியவர்களில் முக்கியமானவர். நிலக்கரி விலை இறங்கினால் கூலியும் இறங்கும் என்ற சறுக்கு ஏற்பாட்டுக் குழுவுக்கு நெடுங்காலம் தலைவர். அந்த ஏற்பாட்டை எதிர்த்து 1898ல் தொழிலாளர்கள் ஆறு மாத காலம் பட்டினி கிடந்து தோற்றார்கள். அந்தத் தோல்வியிலிருந்துதான் தென் வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர் சம்மேளனம் பிறந்தது. விபத்தில் அடிபடுகிற தொழிலாளிக்கு உதவும் நிதி அமைப்பை வளர்த்ததும் இதே லூயிஸ்தான். அதையும் சொல்லவேண்டும். ஆனால் அங்கேயும் அவர் கொடுப்பவராகவே நிற்கிறார் பாருங்கள்.

செங்கெனித் என்ற ஊரில் அவருடைய யுனிவர்சல் சுரங்கம். 1901 மே மாதம் அங்கே வெடித்து 81 பேர் செத்தார்கள். ஐந்து வருசம் கழித்து மெர்தரில் இந்தத் தண்ணீர் மண்டபம். 1911ல் லூயிஸ் பிரபு ஆனார். பட்டத்தில் மெர்தர் ஊரின் பெயரையே சேர்த்துக்கொண்டார். 1913 அக்டோபர் 14, அதே சுரங்கத்தில் திரும்ப வெடித்தது. 439 தொழிலாளர்கள், மீட்கப் போன ஒருவர். செத்தவர்களில் எட்டுப் பேருக்குப் பதினாலு வயசு. வழக்கு நடந்து மேலாளருக்கு 24 பவுன் அபராதம். கம்பெனியை முதலில் விட்டுவிட்டார்கள், பிறகு மேல்முறையீட்டில் 10 பவுன் போட்டார்கள். ஒரு உயிருக்கு ஒரு ஷில்லிங் சொச்சம் என்று அப்போதே கணக்குப் போட்டுப் பத்திரிகையில் எழுதினார்கள்.

செங்கெனித்தில் 2013 அக்டோபர் 14ல், நூறாவது வருசத்தில், வேல்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கான தேசிய நினைவுச்சின்னம் திறந்தார்கள். ஒரு மீட்பாளர் பிழைத்த தொழிலாளியைத் தாங்கிப் பிடித்திருக்கும் சிலை. சுற்றுச் சுவரில் ஓடுகள். 1901லும் 1913லும் செத்தவர்களின் பெயர்கள் அவற்றில் ஒவ்வொன்றாக இருக்கின்றன.