‘யாம்’ என்ற சொல்லுக்குள் இரண்டு பேர்

2007இல் ‘சிவாஜி’ படம் வந்த பிறகு கூடுவாஞ்சேரியில் எனக்கும் அக்காவுக்கும் பெயர் மாறிப்போனது. படத்தில் அங்கவை, சங்கவை என்று இரண்டு பெண்கள் வருவார்கள். அவர்களுடைய கறுப்பு நிறம்தான் நகைச்சுவை. நாங்களும் கறுப்பு. நந்திவரம் ஏரிப்பக்கமிருந்து ஒரே சைக்கிளில் பள்ளிக்கூடம் போவோம். எங்களில் யார் அங்கவை, யார் சங்கவை என்று கூப்பிட்டவர்களுக்கே தெரியாது. ஓர் எழுத்துதானே வித்தியாசம்.

பல வருடம் கழித்து அந்தப் பெயர்களைத் தேடிப் புறநானூற்றுக்குப் போனேன். அங்கே பெயர்களே இல்லை. 112ஆம் பாட்டைப் பாடியவர்கள் ‘பாரி மகளிர்’, அவ்வளவுதான். அங்கவையும் சங்கவையும் பிற்கால ஔவையார் கதைகளோடு வந்து ஒட்டிக்கொண்டவை.

ஐந்தே அடிப் பாட்டு. போன மாத நிலவில் அப்பா இருந்தார், குன்று எங்களுடையது. இந்த மாத நிலவில் குன்றை வேந்தர்கள் எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. படித்தவர்கள் எல்லோரும் நிலவைப் பற்றிப் பேசுகிறார்கள். என்னை நிறுத்தியது ‘யாம்’. ‘நாம்’ என்றால் கேட்கிறவரும் உள்ளே வரலாம். ‘யாம்’ என்றால் கேட்கிறவர் வாசலுக்கு வெளியே. இரண்டு பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிற பாட்டு இது. வெளியே நிற்பவர்களில் கபிலரும் ஒருவர்.

அவர் நல்லவர்தான். நண்பனின் பெண்களைக் கரைசேர்க்க விச்சிக்கோனிடம் போகிறார், இருங்கோவேளிடம் போகிறார். இருவரையும் சேர்த்தே ஒருவனை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறார். 200 முதல் 202 வரையுள்ள அந்தப் பாடல்களில் பாரியின் கொடை பேசுகிறது, வேளிர் குலப்பெருமை பேசுகிறது. பெண்கள் வாய் திறப்பதில்லை. திருக்கோவலூர்க் கோயிலில் இராசராசன் காலக் கல்வெட்டு ஒன்று, கபிலர் பாரியின் பெண்ணை மலையனுக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் இறங்கியதாகச் சொல்கிறது. அதில் பெண் ஒருமை. இன்னொருத்தி எங்கே போனாள்?

இந்தப் பாட்டைச் சகோதரித்துவத்தின் குரல் என்று கொண்டாடலாம். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

பத்தாவது அரையாண்டில் அக்கா கணக்கில் பெயிலானாள். ஒன்பதாவதில் இருந்த நான் அடுத்த தேர்வில் கணக்குத் தாளை வெறுமையாக மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் கேட்கவில்லை, நானாகத்தான் செய்தேன். அன்று இரவு நகம் பதியும்படி என் கையைக் கிள்ளினாள். பிறகு அதே கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள். எனக்கு அது பெரிய நிம்மதியாக இருந்தது என்பதை இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. வெளியே எங்களைப் பிரித்துப் பார்க்க ஆளில்லை. உள்ளே பிரிந்து நிற்க எனக்கு அனுமதியில்லை.

வேல்ஸில் வளர்ந்த ஜூன், ஜெனிஃபர் கிப்பன்ஸ் என்ற கறுப்பின இரட்டையர் இதன் கடைசி எல்லைவரை போனார்கள். பள்ளியில் நிறத்துக்காகத் துன்புறுத்தப்பட்டவர்கள் தங்களுக்குள் மட்டுமே பேசினார்கள், நாவல் எழுதினார்கள், தீவைத்தார்கள், பிராட்மூர் மனநல மருத்துவமனையில் பத்து ஆண்டுகளுக்கு மேல் அடைபட்டார்கள். 1993இல் ஜெனிஃபர் இறந்த பிறகுதான் ஜூன் மற்றவர்களோடு பேசத் தொடங்கினார். அவர்களைப் பற்றிய எழுத்துகள் அந்த உறவை மர்மக் கதையாக்கி ரசிக்கின்றன. அந்தப் பள்ளிக்கூடம் இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுகிறது. பாரி மகளிரை நாம் வாசிப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான். குன்றைப் பிடுங்கியவர்களைச் சட்டென்று தாண்டி, சோகத்தின் அழகுக்கு வந்துவிடுகிறோம்.

போன மாதம் அக்கா வந்திருந்தபோது இந்தப் பாட்டை வாசித்துக் காட்டினேன். பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம், “இதுல பெரியவ யாருடி?” என்றாள்.

பாட்டில் இல்லை என்றேன்.

“அப்ப பெரியவதான் எழுதியிருப்பா” என்று எழுந்துபோய்க் காபி போட்டாள்.