பிணியும் நகையும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுள் எண்வகை மெய்ப்பாடுகளுக்கும் நிலைக்களங்களை நந்நான்காக வகுத்துரைக்குமிடத்துப் பிணியை அழுகையின்பாற் சேர்த்தாரல்லர். அச்சத்தின்பாலும் சேர்த்தாரல்லர். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பவற்றையும், அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்பவற்றையும் கூறி, பிணியை மூப்பு, வருத்தம், மென்மை என்பவற்றோடு நிறுத்தி இளிவரலுக்கு உரியதாக்கினார். இவ்வைப்புமுறை பலகாலும் கற்போர் கண்ணிற்படாமலே கழிகின்றது. நோயுற்றாரிடத்து முதற்கண் தோன்றுவது சாவச்சமன்று, தம் உடம்பு தம் மதிப்பினின்றும் தாழ்ந்துவிட்டதென்னும் உணர்வே என்னும் நுண்மை இதன்கண் அடங்கியுள்ளது என்பது என் துணிபு. இத்துணிபு தமிழிலக்கியத்துக்கு வெளியே, நம் காலத்து ஆங்கில நூல்கள் சிலவற்றை விளக்குதற்கு எத்துணை உதவும் என்பதை ஈண்டு நோக்குவாம்.

அந்நூல்கள் முற்றிய மார்பகப் புற்றுநோயால் வருந்திய பெண்டிர் நகைச்சுவை ததும்ப எழுதியவை. முற்றிய நிலையாவது, மார்பில் தோன்றிய புற்று எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை முதலிய உறுப்புகளுக்குப் பரவிய நிலை. மருத்துவத்தால் வாழ்நாளை நீட்டிக்கலாம். முற்றும் நீக்குதல் பெரும்பாலும் இயலாது. இதனை நன்கறிந்த பெண்ணொருத்தி நகைபட எழுதுகின்றாள். கற்போர் அதனை 'நம்பிக்கையூட்டும் நூல்' என்று புகழ்கின்றனர். இப்புகழ்ச்சி பிழைபட்டது என்பதும், நூலாசிரியர்க்கே இழுக்காவது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

நம்மவர் இத்தகைய நூலைக் கண்டவுடன் வள்ளுவரைத் துணைக்கழைப்பர். இடுக்கணழியாமை என்னும் அதிகாரத்தின் முதற்குறளை அறியாத தமிழ் மாணவர் இலர். முதுகலை வகுப்பில் இந்நூல்களைப் பற்றி நான் பேசிய ஒவ்வோர் ஆண்டும் எவரேனும் ஒருவர் அக்குறளை எடுத்துரைத்தே தீர்வர். ஆனால் அவ்வதிகாரம் நிற்கும் இடத்தை நோக்கல் வேண்டும். அது பொருட்பாலில் அரசியலுள், ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என்பவற்றின் பின் வைக்கப்பட்டுள்ளது. வினை செய்வான் ஒருவனுக்கு இடையே நேரும் தடையே அங்கே இடுக்கண் எனப்படுவது. பரிமேலழகரும் நகுதலை உள்ளத்தே மகிழ்தல் என்று பொருள் விரித்து, அம்மகிழ்ச்சி இடுக்கணை மேன்மேலும் அடர்த்து வெல்லவல்லது என்றார். வெல்லுதற்குரிய பகையும் முடித்தற்குரிய வினையும் உள்ளவழியே அந்நகைக்கு இடமுண்டு. முற்றிய புற்றுநோயில் முடித்தற்குரிய வினை யாது? வெற்றியில்லாத இடத்துப் பிறக்கும் நகையை வெற்றிக்குக் கருவியாகிய நகையோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. குறளின் பெருமை இதனாற் குறைவுபடாது. அது வேறு களத்துக்கு உரியது என்பதே யாம் கூறுவது.

இனி நூலுக்கு வருவோம். ரூத் பிக்கார்டி என்பார் இலண்டனில் வாழ்ந்த இதழாளர். 1994-ஆம் ஆண்டில் மார்பிற் கண்ட கட்டி தீங்கற்றது என்று கருதி விடப்பட்டது. 1995-இல் அவருக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. 1996-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அக்கட்டி புற்றே எனத் தெளிவாயிற்று. அடுத்த ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தம் முப்பத்துமூன்றாம் வயதில், அவர் உயிர் நீத்தார். இறுதி மாதங்களில் 'அப்சர்வர்' ஞாயிறு இதழின் இணைப்பிதழில் தம் நோயைப் பற்றிச் சில பத்திக் கட்டுரைகள் எழுதினார். அவ்விணைப்பிதழின் ஆசிரியர் அவருடைய தமக்கை ஜஸ்டின் பிக்கார்டியே. அக்கட்டுரைகளும், நண்பர்க்கு எழுதிய மின்மடல்களும், வாசகர் கடிதங்களும், கணவர் மேட் சீட்டன் எழுதிய பின்னுரையும் சேர்ந்து 1998-இல் 'விடைபெறுமுன்' என்று பொருள்படும் 'பிஃபோர் ஐ ஸே குட்பை' என்னும் நூலாயின. மெலிந்த நூல். ஒரே இருக்கையிற் படித்து முடிக்கலாம்; முடித்தபின் அதனினின்று மீளுதல் எளிதன்று.

இந்நூலில் நகை எதனை நோக்கி எழுகின்றது என்பதே முதல் வினா. சாவை நோக்கியன்று. சாவைப் பற்றிய இடங்களில் ரூத்தின் நடை சுருங்கி நேராகிவிடுகின்றது. குறிப்பாகத் தம் குழந்தைகள் தம்மை நினைவிற்கொள்ளும் வயதினர் அல்லர் என்னும் எண்ணம் வருமிடத்து வேடிக்கைப் பேச்சு நின்றுவிடுகின்றது. நகை பிறப்பது எல்லாம் சிறுமைகளிலிருந்தே. மருந்தினால் உடல் பருத்தல், தலைமயிர் உதிர்தல், மாற்று மருத்துவர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் உணவை விலக்குதல், நோயாளியிடம் என்ன பேசுவது என்றறியாது நண்பர் தடுமாறுதல் ஆகியவையே அவருடைய களங்கள். ஒரு கட்டுரையில், தாம் பலகாலும் ஆய்ந்து கண்டறிந்த சிறந்த மருத்துவம் ஒன்றினை அறிவிப்பார்போல மருத்துவ ஆராய்ச்சியாளரின் நடையை மேற்கொண்டு தொடங்கி, அம்மருத்துவம் கடைக்குச் சென்று விரும்பிய பொருள்களை வாங்குதலே என்று முடிக்கின்றார். அதனைக் 'கீமோதெரபி' என வழங்கும் வேதிமருத்துவத்தோடும் மாற்று மருத்துவத்தோடும் செலவு, இன்பம் என்னும் இரண்டிலும் வைத்து ஒப்பிடுகின்றார். இது வெறும் விளையாட்டன்று. ஓராண்டுக் காலமாகப் பிறர் வகுத்த அட்டவணைக்குத் தம் உடம்பைக் கொடுத்துவிட்ட ஒருவர், அவ்வட்டவணையின் மொழியையே தாம் கைப்பற்றித் தம் விருப்பத்துக்கு ஆளுகின்றார்.

பேராசிரியர் உரை இவ்விடத்துப் பெரிதும் துணைசெய்கின்றது. நகைக்குத் தொல்காப்பியர் கூறிய எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனுள் எள்ளலை விளக்கப் புகுந்த அவர், தான் பிறரை எள்ளி நகுதலும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்து நகுதலும் என அதனை இரண்டாக்குகின்றார். பின்னது வியப்புக்குரிய பகுப்பு. எள்ளப்பட்டவனுக்கு வெகுளியோ அழுகையோ தோன்றுதல் இயல்பு. அவ்வாறன்றி அவனுக்கும் நகை தோன்றும் என உரையாசிரியர் கண்டுள்ளார். ரூத்தின் நகை இவ்வகையினது என்க. அவரை எள்ளுவது நோய். பால்கொடுத்த மார்பையே நோயின் இடமாக்கியும், இளமைக்குரிய தோற்றத்தை ஓராண்டில் மாற்றியும், தீங்கற்றதென்ற கட்டியைத் தீங்காக்கியும் அஃது அவரைப் பார்த்து நகுகின்றது. எள்ளப்பட்ட அவர் தாமும் நகுகின்றார். ஆகவே இந்நகை இளிவரலுக்கு விடையாகப் பிறந்தது. நோயைப் போக்கும் மருந்தாகவோ, நலம்பெறுவோம் என்னும் நம்பிக்கையாகவோ பிறந்ததன்று.

இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. சிரிப்பு நோயை நீக்கும் என்னும் கருத்து 1979-இல் வெளிவந்த நார்மன் கசின்ஸின் நூலுக்குப்பின் மேலைநாடுகளில் பெரிதும் பரவிற்று. அவருற்ற நோய் புற்றன்று என்பதைப் பலர் மறந்தனர். மன ஆறுதல் பெறும் குழுக்களிற் சேர்ந்த முற்றிய மார்பகப் புற்றுநோயாளர் மிகுநாள் வாழ்ந்தனர் என 1989-இல் டேவிட் ஸ்பீகல் முதலியோர் 86 பெண்டிரிடை ஆய்ந்து வெளியிட்ட முடிவு அக்கருத்துக்கு வலிவூட்டியது. ஆயின் 2001-இல் பமேலா குட்வின் முதலியோர் 235 பெண்டிரிடை நடத்திய ஆய்வில் வாழ்நாள் நீளவில்லை. மனத்துயரும் வலியுணர்வும் குறைந்தன என்ற அளவே காணப்பட்டது. ஸ்பீகலே மீண்டும் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்விலும் பழைய முடிவு பொதுவாக உறுதிப்படவில்லை. துயர் குறைதல் சிறிய பயனன்று. எனினும், 'மனம் மகிழ்ந்திருந்தால் பிழைத்திருப்பாள்' என்னும் பேச்சுக்கு இங்கே இடமில்லை. அப்பேச்சு இறந்தவர்மேல் பழி சுமத்துவது.

அப்பழியைக் கண்டு சினந்தவருள் ஒருவர் ஓட்ரி லார்ட் என்னும் அமெரிக்கக் கறுப்பினக் கவிஞர். 1980-இல் வெளியிட்ட 'தி கேன்சர் ஜர்னல்ஸ்' என்னும் நூலில், மகிழ்ச்சியாயிருப்போர்க்குப் புற்றுநோய் வாராது என்று எழுதிய மருத்துவர் ஒருவரை அவர் கடுமையாகச் சாடுகின்றார். மார்பொன்றை இழந்தபின் செயற்கை மார்பு அணியாமல் மருத்துவரைக் காணச் சென்றபோது, அது பிற நோயாளியரின் ஊக்கத்தைக் கெடுக்கும் என்று செவிலி ஒருத்தி கடிந்ததனையும் பதிவு செய்கின்றார். மகிழ்ச்சி இங்கே கட்டளையாகிவிட்டது காண்க. பின்னர்ப் பார்பரா எரன்ரைக் என்பார், தாமும் இந்நோயுற்று, உயிரியல் அறிவோடும் எள்ளலோடும் 2001-இல் ஒரு கட்டுரையிலும் 2009-இல் ஒரு நூலிலும் இக்கட்டளையைத் தாக்கினார். இவ்விருவரையும் நகைக்குப் பகைவராக எண்ணுவோர் உளர். அது தவறு. நகை வேறு, பிறர் மனங்குளிர வருவித்துக்கொள்ளும் முறுவல் வேறு. அவர்கள் மறுத்தது அம்முறுவலையே. எரன்ரைக்கின் எழுத்தில் நகை இல்லாத பக்கம் காண்டல் அரிது.

ரூத்தின் நகை எள்ளலின்பாற்பட்டதாக, மிரியம் எங்கெல்பர்க் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் நகை பேதைமையின்பாற்பட்டது. 'புற்றுநோய் என்னை மேலும் மேலோட்டமானவளாக்கிற்று' என்று பொருள்படும் 'கேன்சர் மேட் மி எ ஷாலோவர் பெர்சன்' என்பது அவர் 2006-இல் வெளியிட்ட படக்கதை நூலின் பெயர். அதே ஆண்டில் அவர் மறைந்தார். பெயரிலேயே நூலின் வாதம் முழுதும் அமைந்துவிட்டது. பெருநோய் மனிதரை ஆழமுடையவராக்கும், ஞானியராக்கும் என்பது எதிர்பார்ப்பு. எங்கெல்பர்க்கோ தொலைக்காட்சியின் வெற்று நிகழ்ச்சிகளிலும் குறுக்கெழுத்துப் புதிர்களிலும் அடைக்கலம் புகுந்ததாகக் கூறுகின்றார். கோடுகள் பயிற்சியற்றார் வரைந்தவைபோல எளியவை. முகங்கள் ஏறக்குறைய ஒன்றுபோலவே உள்ளன. இதனைக் குறையாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அது நூலின் பொருத்தமாகவே தோன்றுகின்றது. அழகிய ஓவியமாயின், ஆழத்தை மறுக்கும் அவர் கூற்றைப் படமே மறுத்திருக்கும்.

ஆழமின்மையைத் தாமே ஏற்றுக்கொள்ளும் இந்நகை ஒருவகை உரிமைக் குரல் என்று கொள்ளலாம். நோயுற்றாரிடம் நாம் வீரத்தை எதிர்பார்க்கின்றோம். தமிழிலும் 'புற்றுநோயோடு போராடினார்' என்றே செய்தித்தாள்கள் எழுதுகின்றன. போர் என்னும் உருவகத்தை ஏற்பின், நோயாளியின் நகை தறுகணாகிப் பெருமிதத்தின்பாற் சென்றுவிடும். ரூத், மிரியம் இருவருமே அவ்வழியைத் தவிர்த்துள்ளனர். அவர்களுடைய நகை பெருமிதமாக உயர்வதில்லை. இளிவரலின் நடுவேயே, அதனை விட்டு நீங்காமல் நிற்கின்றது. பெருமிதமாகப் படிப்போர், வீரத்தில் தோற்கும் நாள் வந்தவுடன் நூலாசிரியரைக் கைவிட நேரும்.

இவ்விருவரினும் மென்மையான குரல் நினா ரிக்ஸ் என்னும் அமெரிக்கக் கவிஞருடையது. 'தி பிரைட் ஹவர்' என்னும் அவர் நூல் 2017-இல், அவர் முப்பத்தொன்பதாம் வயதில் மறைந்த சில மாதங்களுக்குப்பின் வெளிவந்தது. அதற்கு முந்திய ஆண்டு 'நியூ யார்க் டைம்ஸ்' இதழில் அவர் எழுதிய கட்டுரை ஒன்று வரவேற்பறைக்குரிய சாய்விருக்கை வாங்குவதைப் பற்றியது. தம் வாழ்நாள் அவ்விருக்கையின் வாழ்நாளினும் குறுகியது என்று அறிந்த ஒருத்தி, தாம் சென்றபின் கணவரும் பிள்ளைகளும் அமர்தற்குரிய ஒன்றைத் தேடுகின்றாள். துணியின் நிறமும் விலையும் பற்றிய சிறு கவலைகளில் நகை முகிழ்க்கின்றது. இதனை எள்ளல் என்றலும் அரிது, பேதைமை என்றலும் அரிது. நால்வகையுள் எதனுள்ளும் முழுதும் அடங்காத இந்நகையை எங்கே வைப்பது என்பது எனக்கு இன்னும் முடிவாகவில்லை. அழுகைக்குரிய இழவு நகையின் நிலைக்களத்தில் நின்று பேசுவதாகக் கொள்ளலாமோ என்று ஐயுறுகின்றேன்.

நகையின் எல்லையையும் சுட்டுதல் கடன். ரூத்தின் நூலில் அவ்வெல்லை மறைக்கப்படவில்லை. நோய் மூளைக்குப் பரவிய பின்னர் அவர் எழுத்து குறைந்து நின்றுவிடுகின்றது. அதன்பின் வருவது சீட்டனின் பின்னுரை. மனைவியின் நகைமொழியைத் தாமும் மேற்கொண்டு எழுதுதல் அவருக்கு இயன்றிருக்கும், அவரும் இதழாளரே. அவர் அவ்வாறு செய்யவில்லை. நோய் தம் இருவரிடையேயும் விளைத்த தொலைவினையும், இறுதி வாரங்களில் தாம் அருகிருந்தும் தனித்திருந்ததனையும் அழகுபடுத்தாது எழுதுகின்றார். நூல் முழுதும் நகைத்துப் படித்தவர் இப்பகுதியில் திகைக்கின்றனர்; பின்னுரை முன்னுள்ளவற்றின் ஒளியைக் குறைத்துவிட்டது என்று குறைகூறுவாரும் உளர். நான் அதனை மறுப்பேன். அப்பின்னுரை இல்லையாயின், ரூத்தின் நகை எதன்மீது நின்றது என்பதே நமக்குத் தெரிந்திராது. நூலை மாணவர்க்குப் பரிந்துரைக்கும்போது பின்னுரையை விடாமற் படிக்குமாறு சொல்வது என் வழக்கம். சிலர் அதனை முதலிற் படித்துவிட்டு, ரூத்தின் முதல் மடலுக்குத் திரும்பிச் செல்கின்றனர்.